ஒரு மீட்டர் கரையின் விலை: வட நார்ஃபோக்கின் வரவும் செலவும்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் வடகடலுக்குள் புடைத்து நிற்கிறது நார்ஃபோக். அதன் கடலோர விளிம்பில் உள்ளது வட நார்ஃபோக் மாவட்டம். 2019ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில், பாக்டன், வால்காட் என்ற இரண்டு ஊர்களின் முன்னால் ஏறத்தாழ 6 கி.மீ. நீளத்துக்கு 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். செலவு சுமார் 2 கோடி பவுண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தென்கிழக்கே ஹேஸ்பரோ என்ற சிற்றூர். அங்கே ஒருவருடைய வீடு கடலில் விழும் நிலைக்கு வந்துவிட்டால், அவர் கேட்டுப் பெறக்கூடிய அரசு மானியம் அதிகபட்சம் 6,000 பவுண்டு. அதுவும் வீட்டை இடித்து அகற்றுகிற செலவுக்குத்தான். போன வீட்டுக்கு அல்ல.

இரண்டு தொகையும் ஒரே மாவட்டத்தில், ஒரே கடலை முன்னிட்டு எழுதப்பட்டவை. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு முன் அந்தக் கரையின் முழு வரவு செலவையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு இன்றைக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடிப்படை எண்கள்

மாவட்டம் உருவான நாள்: 1974 ஏப்ரல் 1. நான்கு நகர்ப்புற, மூன்று ஊரக நிர்வாகப் பகுதிகளைச் சேர்த்து அமைத்தார்கள். தலைமையிடம் குரோமர்.

பரப்பு: சுமார் 965 சதுர கி.மீ.

மக்கள்தொகை: 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 1,03,000. சதுர கிலோமீட்டருக்கு 107 பேர்.

65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்: 33.4 விழுக்காடு. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இதுவே மிக அதிகம். மிகக் குறைவு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ், 5.6 விழுக்காடு.

கடைசியாகச் சொன்ன எண்தான் மற்றவற்றைவிட முக்கியம். மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற வயதினர். இங்கே வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடல் பார்த்த சிறு வீடு வாங்கிக் குடியேறியவர்கள் நிறைய. முப்பது வயதில் வீட்டை இழந்தவர் மறுபடி கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? வீட்டுக் காப்பீடும் உதவாது. கரை அரிப்பை வழக்கமான பாலிசி எதுவும் ஏற்பதில்லை.

மூன்று வகைக் கரை

மாவட்டத்தின் கரையை மூன்று துண்டுகளாகப் பார்க்கலாம். மேற்கே, வெல்ஸ் முதல் கெல்லிங் வரை, உப்பங்கழியும் சதுப்பும் கூழாங்கல் திட்டுகளும். நடுவே, கெல்லிங் முதல் கார்ட் கேப் வரை, ஏறத்தாழ 34 கி.மீ. நீளத்துக்கு மண் செங்குத்துகள். கிழக்கே, எக்கிள்ஸ் தாண்டி ஹார்சி வரை, தாழ்ந்த மணல் மேடு. அதன் முதுகுக்குப் பின்னால் கடல் மட்டத்தையொட்டிய வயல்களும் பிராட்ஸ் எனப்படும் ஏரிகளும்.

நடுத்துண்டை 'பாறை' என்று சொல்ல வாய் வராது. ஏறத்தாழ 4.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனிப்படலம் உழுது தள்ளிவிட்டுப் போன மணலும் களிமண்ணும் சரளையும்தான் அது. பனி தள்ளிய அந்த மேட்டின் உச்சி, பீக்கன் ஹில், கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று மேல். தட்டையான நார்ஃபோக்கில் அதைவிட உயரம் கிடையாது.

ஹேஸ்பரோவில் கடற்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் இதன் பலவீனம் புரியும். செங்குத்தின் உயரம் 6 முதல் 10 மீட்டர். அடியில் இறுகிய சாம்பல் நிறக் களிமண், அதன்மேல் மணல். அலை அடிவாரத்தை அரிக்கிறது. அதே சமயம் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவிலுள்ள கோட்டில் வெளியே கசிகிறது. கசிகிற இடத்தில் மணல் சேறாகி நழுவுகிறது. கீழிருந்து அலை, உள்ளிருந்து ஊற்று என்று இரண்டு பக்கமும் தாக்கு. கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் மேலே புல்தரையில் ஒரு விரிசல் விழலாம். ஒரு தார்ச்சாலை வந்து திடீரென்று காற்றில் முடிகிறது. அறுந்த குழாய்கள் மண்ணிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

கடல் எடுத்த கணக்கு

இந்தக் கரை கரைவது புதிய செய்தி அல்ல. பதிவான இழப்புகளில் சிலவற்றை ஆண்டு வரிசையில் தருகிறேன்.

1287: டிசம்பர் வெள்ளம். ஹிக்லிங் சிற்றூரில் சுமார் 180 பேர் மூழ்கியதாக அக்காலத் துறவி ஒருவரின் குறிப்பு சொல்கிறது.

14ஆம் நூற்றாண்டு: குரோமருக்கு முன்னால் இருந்த ஷிப்டன் என்ற ஊர் கடலுக்குள் போனது. 1888ல் ஒரு இழுவைக் கப்பல், நீருக்கடியில் கிடந்த அவ்வூர்த் தேவாலயத்தின் மிச்சம் என்று நம்பப்படும் பாறையில் மோதி நின்றது.

1789: குளிர்காலப் புயல். நார்ஃபோக் கரையருகே 70 பாய்மரக் கப்பல்கள், 600 மனிதர்கள்.

1801: இன்வின்சிபிள் என்ற போர்க்கப்பல் ஹேஸ்பரோ அருகே மணல் திட்டில் தட்டி மூழ்கியது. இறந்தவர்கள் சுமார் 400 பேர். அவர்களில் 119 பேரை ஹேஸ்பரோ கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்.

1895: எக்கிள்ஸ் ஊர் போய் வெகு காலமாகியும் கடற்கரை மணலில் தனியே நின்ற தேவாலயக் கோபுரம் ஜனவரிப் புயலில் சாய்ந்தது.

1938: பிப்ரவரி 12. ஹார்சியில் கடல் உள்ளே புகுந்து சுமார் 7,500 ஏக்கரை மூழ்கடித்தது. உப்பேறிய வயல்கள் தேற ஆண்டுக்கணக்காயிற்று.

1953: ஜனவரி 31 இரவு. இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். நார்ஃபோக்கில் மட்டும் 100. இம்மாவட்டத்தின் சீ பாலிங் சிற்றூரில் 7. எதிர்க்கரையில் நெதர்லாந்து 1,836 பேரைப் பறிகொடுத்தது.

2013: டிசம்பர் 5. கடல் மீண்டும் பொங்கியது. வால்காட்டில் வெள்ளம், குரோமர் கடற்பாலத்தில் சேதம், பாக்டன் எரிவாயு முனையத்தின் அடியிலிருந்த செங்குத்து இடிந்து பின்வாங்கியது.

1953க்கும் 2013க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்த அறுபது ஆண்டுகளில் எச்சரிக்கையும் சுவர்களும் உயிரிழப்பைப் பெரிதும் குறைத்துவிட்டன. இன்றைய இழப்பு நிலமும் வீடும். உயிர் போனால் நாடே திரும்பிப் பார்க்கிறது. வீடு போனால் அந்தத் தெரு மட்டும்தான் பார்க்கிறது.

கடல் கொடுத்த கணக்கு

வரவுப் பக்கமும் சின்னதல்ல.

2013 மே மாதம் ஹேஸ்பரோவில் அலைகள் மேல்மணலை வாரிக்கொண்டு போயின. அடியிலிருந்த பழைய சேற்றுப் படிவத்தில் ஏறத்தாழ 50 குழிகள் தெரிந்தன. அவை மனிதக் காலடிகள். வயது குறைந்தது 8.5 லட்சம் ஆண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அன்றுவரை கிடைத்தவற்றில் இதுவே மிகப் பழையது. பாதங்களின் நீளம் 14 செ.மீ. முதல் 26 செ.மீ. வரை, அப்படியென்றால் பெரியவர்களோடு குழந்தைகளும் நடந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மழையில் நின்று, குழிகளில் தேங்கிய நீரை இறைத்து இறைத்துப் படமெடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அலை அத்தனையையும் அழித்துவிட்டது. அதற்கு முன்பே இதே கரையில் எழுபதுக்கும் மேற்பட்ட சிக்கிமுக்கிக் கல் கருவிகள் கிடைத்திருந்தன. 2010ல் அவற்றைப் பற்றி வந்த ஆய்வறிக்கை, வடக்கு ஐரோப்பாவில் மனிதன் கால்வைத்த காலத்தையே பின்னுக்குத் தள்ளியது.

வெஸ்ட் ரண்டனில் 1990 டிசம்பரில் புயலுக்குப் பின் ஒரு பெரிய எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 1995ல் முழுதாகத் தோண்டினார்கள். ஸ்டெப்பி மாமத் வகை யானை. தோள் உயரம் 4 மீட்டர். உயிரோடு இருந்தபோது எடை சுமார் 10 டன். எலும்புக்கூட்டில் 85 விழுக்காடு அப்படியே கிடைத்தது. வயது ஏறத்தாழ 6 முதல் 7 லட்சம் ஆண்டு.

இரண்டும் அரிப்பின் கொடை. செங்குத்து இடியாமல் இருந்திருந்தால் யானையும் காலடியும் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். ஹேஸ்பரோ வீட்டுக்காரரின் இழப்பும் உலகத் தொல்லியலின் லாபமும் ஒரே அலையில் நடக்கின்றன. அந்த லாபத்தில் வீட்டுக்காரருக்குப் பங்கு எதுவும் போவதில்லை.

கரைக்கு அப்பால் கடலடியில் 30 கி.மீ.க்கு மேல் நீளும் சுண்ணக்கல் திட்டு இருக்கிறது. 2016 ஜனவரியில் 321 சதுர கி.மீ. பகுதியைக் கடல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். குரோமர் நண்டு வளர்வது இங்கேதான். இந்தப் பகுதியில் பிடிக்க அனுமதியுள்ள குறைந்தபட்ச முதுகு அகலம் 115 மி.மீ.; அதற்குக் குறைந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். குரோமரில் துறைமுகம் கிடையாது. படகை டிராக்டர் கட்டி மணலில் இழுத்துத் தண்ணீரில் தள்ளுகிறார்கள், திரும்பி வந்ததும் அதே டிராக்டர் மேலே இழுக்கிறது. வேகவைத்த நண்டைப் பிளந்து, இறகு போலிருக்கும் சாம்பல் நிறச் செவுள்களைக் கவனமாகப் பிய்த்தெறிந்துவிட்டு, காலிலும் கொடுக்கிலும் உள்ள வெள்ளைச் சதையைத் தனியாகவும் உடம்பிலுள்ள பழுப்புச் சதையைத் தனியாகவும் எடுத்து, கழுவிய ஓட்டுக்குள்ளேயே பக்கம் பக்கமாக அடைத்து விற்பார்கள். ஊரின் அடையாளமே அந்த ஓடுதான்.

மேற்கே ப்ளேக்னி முனை, கடலுக்குள் நீளும் 6.4 கி.மீ. கூழாங்கல் நாக்கு. 1912 முதல் தேசிய அறக்கட்டளையின் கையில் உள்ளது. 2001ல் அங்கே பிறந்த சாம்பல் நிறக் கடல்நாய்க் குட்டிகள் 25. 2014 குளிர்காலத்தில் 2,300க்கு மேல். பதின்மூன்று ஆண்டில் தொண்ணூறு மடங்கு. அருகிலுள்ள க்ளே சதுப்பை, 407 ஏக்கர், 1926ல் 5,160 பவுண்டு கொடுத்து வாங்கினார் சிட்னி லாங் என்ற மருத்துவர். ஏக்கருக்கு 13 பவுண்டுக்கும் குறைவு. இங்கிலாந்தின் பகுதிதோறும் இன்று இயங்கும் காட்டுயிர் அறக்கட்டளைகளுக்கெல்லாம் அந்தக் கொள்முதலே தொடக்கம்.

ஆற்றலும் வருகிறது. பாக்டன் எரிவாயு முனையம் 1968ல் திறந்தது. பிரிட்டனின் எரிவாயுத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை இதன் வழியாகப் போக முடியும். 1998 முதல் பெல்ஜியத்துக்கும் 2006 முதல் நெதர்லாந்துக்கும் கடலடிக் குழாய்கள் இங்கிருந்து போகின்றன. 2012ல் ஷெரிங்ஹாம் ஷோல் காற்றாலைப் பண்ணை: 88 காற்றாலைகள், 317 மெகாவாட். 2017ல் டட்ஜன் பண்ணை: 67 காற்றாலைகள், 402 மெகாவாட். இரண்டும் சேர்ந்து 155 காற்றாலைகள், 719 மெகாவாட்.

மனிதர்கள் போட்ட முதல்

இந்த மக்கள் கடலிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் எண்கள் உண்டு.

ஹென்றி பிளாக், குரோமர் நண்டு மீனவர். 1894ல் பதினெட்டாவது வயதில் உயிர்காப்புப் படகில் சேர்ந்தார். 53 ஆண்டு சேவை. 387 முறை கடலுக்குள் போனார். காப்பாற்றிய உயிர்கள் 873. ஒரு பயணத்துக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல். உயிர்காப்புப் படகுக் கழகத்தின் தங்கப் பதக்கம் மூன்று முறை, வெள்ளி நான்கு முறை. அந்தக் கழகம் அன்றும் இன்றும் பொதுமக்கள் நன்கொடையில் இயங்குவது.

ஹேஸ்பரோ கலங்கரை விளக்கம், 1789 புயலுக்கு மறு ஆண்டே, 1790ல் கட்டியது. உயரம் 26 மீட்டர், 112 படி. 1987ல் அதிகாரிகள் இது தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1990ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றி, அறக்கட்டளை அமைத்துத் தாங்களே ஏற்று நடத்துகிறார்கள். 30 நொடிக்கு மூன்று வெள்ளை மின்னல்; 18 மைல் தூரம் தெரியும். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், கடலில் போகும் முன்பின் தெரியாத மாலுமிக்காக இந்தச் செலவைச் சுமக்கிறது.

குரோமர் கடற்பாலம் 1901ல் 17,000 பவுண்டு செலவில் திறந்தது. நீளம் 151 மீட்டர். அன்றைய விலையில் மீட்டருக்கு 113 பவுண்டு. 1993 புயலில் 100 டன் எடையுள்ள மிதவை மேடை ஒன்று மோதி நடுவில் உடைத்துக்கொண்டு போனது, ஒட்டவைத்தார்கள். 2013ல் அலை பலகைகளைப் பெயர்த்தது, மறுபடி அடித்தார்கள். கடைக்கோடியில் உள்ள நாடக அரங்கில் இன்றும் கோடைக்காலக் கலைநிகழ்ச்சி நடக்கிறது.

இடிந்ததை எழுப்புவதும், வெளியாள் கைவிட்டதைத் தான் எடுத்துச் செய்வதும் இவ்வூர் மக்களின் இயல்பு. அவர்கள் கையேந்தி நிற்பவர்கள் அல்ல. அரிப்புக்கு ஈடு கேட்கும்போது அதை யாசகமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

பாக்டன் மணல்: அலகுவாரியாக

இனி அந்த 2 கோடி பவுண்டு. 2013 புயலில் எரிவாயு முனையத்தின் முன்பகுதி இடிந்ததும் அவசரம் புரிந்தது. கான்கிரீட் சுவர் எழுப்பினால் அதன் அடிமணலை அலை வாரிவிடும். பக்கத்து ஊருக்கும் மணல் போகாது. அதனால் டச்சுக்காரர்களின் முறையை எடுத்துக்கொண்டார்கள். கடலடியிலிருந்து மணலை அள்ளிவந்து கரையில் மொத்தமாகக் குவித்துவிட வேண்டும். அலையும் காற்றும் அதைத் தாமே பரப்பிக்கொள்ளும். 2011ல் டச்சுக் கரையில் குவித்தது 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர். பாக்டன் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் பிரிட்டனில் அதுதான் முதல் முயற்சி.

மொத்த மணல்: 18,00,000 கன மீட்டர். பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பர் லாரியில் கொண்டுவந்திருந்தால் 1,80,000 லோடு.

ஒரு மீட்டர் கரைக்கு: 300 கன மீட்டர், அதாவது 30 லோடு.

ஒரு கன மீட்டர் மணலின் விலை: சுமார் 11 பவுண்டு.

ஒரு மீட்டர் கரையின் விலை: சுமார் 3,333 பவுண்டு.

எதிர்பார்த்த ஆயுள்: 15 முதல் 20 ஆண்டு. ஆண்டுக்கு, மீட்டருக்கு 167 முதல் 222 பவுண்டு.

செலவின் பெரும்பகுதியை முனையத்தை நடத்தும் நிறுவனங்கள் கொடுத்தன, மீதி அரசுப் பணம். முனையத்துக்கான மணல் பாக்டன், வால்காட் வீடுகளையும் சேர்த்துக் காத்தது. நல்ல திட்டம், யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு ஹேஸ்பரோவின் மானியத்தைப் பாருங்கள். 6,000 பவுண்டுக்குப் பாக்டனில் கிடைப்பது 1.8 மீட்டர் கரை. ஒரு கட்டிலின் நீளம்கூட இல்லை.

ஹேஸ்பரோவின் பற்று

ஹேஸ்பரோவிலும் பாதுகாப்பு இருந்தது. 1953 வெள்ளத்துக்குப் பின், 1958 வாக்கில், கடற்கரை நெடுக மரத்தாலான அலைத்தடுப்புகள் அமைத்தார்கள். முப்பது ஆண்டு கழிந்து அவை உளுத்து உடைந்தன. 1990களில் புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்தபோது செலவு-பலன் கணக்கு குறுக்கே நின்றது. காப்பாற்றப்படும் சொத்தின் மதிப்பு, கட்டும் செலவை நியாயப்படுத்தும் அளவுக்கு வரவில்லை. தடுப்பு போன இடத்தில் செங்குத்து, சில காலகட்டங்களில் ஆண்டுக்கு 8 முதல் 10 மீட்டர் வரை பின்வாங்கியது. ஊர்க்காரர்கள் போராட்டக் குழு அமைத்தார்கள். பாறை வாங்கிப் போட நன்கொடை திரட்டினார்கள். அரிப்பின் வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

2012ல் ஏற்கப்பட்ட கரையோர மேலாண்மைத் திட்டம், ஹேஸ்பரோவில் கரையை இருந்த இடத்திலேயே நிறுத்திவைப்பதை நீண்டகால நோக்கமாகக் கொள்ளவில்லை. இதற்குச் சொல்லும் காரணம் வலுவானது. இந்தக் கரையில் மணல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகர்கிறது. செங்குத்து இடிந்து விழும் மண்தான் கீழேயுள்ள எக்கிள்ஸ், சீ பாலிங் கடற்கரைகளுக்கு மணல். ஹேஸ்பரோவைச் சுவர் கட்டி நிறுத்தினால் அது ஒரு முனையாகத் துருத்திக்கொண்டு, கீழ்க்கரைக்கு மணல் போவதை மறித்துவிடும். கீழ்க்கரைக்குப் பின்னால் இருப்பது தாழ்நிலம், ஏரிகள், ஊர்கள். 1938லும் 1953லும் கடல் புகுந்த நிலம். அதைக் காக்க ஏற்கெனவே கடற்சுவரும், 1990களில் சீ பாலிங் முன்னால் கட்டிய ஒன்பது பாறைத் தடைகளும் நிற்கின்றன. மணல் வரத்து நின்றால் அந்த முதலீடு முழுக்க ஆட்டம் காணும்.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் அடுத்த படியையும் எடுத்துவைத்தே ஆக வேண்டும். ஹேஸ்பரோ இழக்கிற மண் சீ பாலிங்குக்கு வரவு. ஒரு தெருவின் வீடுகள் விழுவதால் பத்து மைல் கரைக்கு நன்மை. அப்படியானால் அந்தத் தெரு பொதுநலனுக்காக நிலம் கொடுத்திருக்கிறது. சாலை போட நிலம் எடுத்தால் அரசு சந்தை விலை தருகிறது. கடற்கரைக்கு மணல் போட நிலம் போனால் இடிக்கிற கூலி மட்டும் தருகிறது. 1949ஆம் ஆண்டுக் கரைப் பாதுகாப்புச் சட்டம் உள்ளாட்சிக்குத் தடுப்பு கட்டும் அதிகாரத்தைக் கொடுத்தது; கட்டியே தீர வேண்டும் என்ற கடமையை விதிக்கவில்லை. கடமை இல்லை, ஆகவே ஈடும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது சரி. ஒரு தெருவின் இழப்பை மற்றவர்கள் திட்டமிட்டே பயன்படுத்தும்போது நியாயத்தின் பார்வையில் அது சரியாகாது.

வேறு வழி உண்டு என்பதை இதே மாவட்டம் செய்தும் காட்டியிருக்கிறது. 2009ல் அரசு நாடு முழுவதற்கும் ஒதுக்கிய 1.1 கோடி பவுண்டு முன்னோடித் திட்டத்தில் வட நார்ஃபோக்குக்கு 30 லட்சம் கிடைத்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு ஹேஸ்பரோவின் பீச் ரோட்டில் விளிம்புக்கு வந்துவிட்ட ஒன்பது வீடுகளை மாவட்ட நிர்வாகம் விலைக்கு வாங்கி இடித்தது. முழுச் சந்தை விலை அல்ல. ஆனால் வேறெங்கும் யாரும் வாங்காத வீட்டுக்கு ஒரு விலை. அந்தப் பணத்தோடு அவர்கள் வேறிடம் போக முடிந்தது. 2022ல் அறிவித்த 3.6 கோடி பவுண்டு மாற்றத் திட்டத்திலும் சுமார் 1.5 கோடி இங்கே வந்திருக்கிறது. ஊர்களைப் படிப்படியாக உள்ளே நகர்த்தும் முறைகளை அதில் சோதிக்கிறார்கள். இரண்டுமே காலக்கெடு வைத்த சோதனைகள். சோதனை முடிந்த மறுநாள் விழும் வீட்டுக்கு மறுபடி அதே 6,000தான்.

சேர்க்க வேண்டிய ஒரு வரி

கடைசிக் கணக்கு. சுற்றுச்சூழல் முகமை 2025ல் வெளியிட்ட அரிப்பு வரைபடத்தின்படி, இப்போதுள்ள கரையோரத் திட்டங்கள் முழுதாக நிறைவேறினாலும் 2055க்குள் இங்கிலாந்தில் சுமார் 3,500 சொத்துகள் அரிப்பு அபாயத்துக்குள் வரும். இவற்றில் எல்லாமே வீடு அல்ல. ஆனாலும் எல்லாவற்றையும் வீடாகவே வைத்துக் கூடுதலாகக் கணக்கிடுவோம்.

இன்றைய முறையில், வீட்டுக்கு 6,000 பவுண்டு: மொத்தம் 2.1 கோடி. பாக்டன் மணலுக்கு ஆன செலவும் ஏறத்தாழ இதேதான். அதாவது ஒரு நாட்டின் முப்பது ஆண்டுக் கரை அரிப்பு உதவி முழுவதும், 6 கி.மீ. மணலுக்குச் சமம்.

வீட்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு ஈடு கொடுத்தால்: மொத்தம் 35 கோடி. முப்பது ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 1.17 கோடி.

இங்கிலாந்தின் குடும்பங்கள், 2021 கணக்கெடுப்பின்படி: 2.34 கோடி.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு: சுமார் 50 பென்ஸ்.

ஒரு லட்சம் என்பது என் அனுமானத் தொகை. அதை இரட்டித்தாலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டுதான். அந்த ஒரு பவுண்டு நாட்டுக்கு வாங்கித் தருவது இரக்கத்தின் திருப்தியை மட்டும் அல்ல. ஈடு நிச்சயம் என்று தெரிந்தால் மக்கள் விளிம்புக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கிளம்புவார்கள். வீடு கடலில் விழுந்து இடிபாடு கடற்கரையில் சிதறாது. ஒவ்வொரு ஊரும் தனக்குச் சுவர் வேண்டும் என்று போராடி, மற்ற ஊரின் மணலை மறிக்கவும் தேவை இருக்காது. கரை தன் போக்கில் பின்வாங்கவும், பாக்டன் போல எங்கே காப்பது உண்மையில் அவசியமோ அங்கே பணத்தைக் குவிக்கவும் வழி பிறக்கும்.

எங்கே கரையைக் காப்பது, எங்கே விடுவது என்று முடிவு செய்யும் உரிமை அரசுக்கு இருக்கிறது. விடுவது என்று முடிவு செய்த நாளிலேயே அதன் விலையையும் செலவுப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இன்றைய கணக்கில் ஹேஸ்பரோ மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஆகும் செலவை அரசு எழுதாமல் வீட்டுக்காரர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.